நீலகிரிக் குளிரிலும் ஆம்ப் ஏன் சுடுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரில் பொருத்திய ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப், ஸ்பீக்கர்களுக்கு ஆற்றல் கொடுக்கும் பெட்டி) சூடாகி நின்றுவிடுகிறது என்று நீலகிரியின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கோடையில் சமவெளியிலிருந்து இப்படிக் கேட்டால் வெயிலைக் காரணம் காட்டிவிடலாம். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாத ஊரிலிருந்து கேட்கும்போது, அந்தச் சூடு வேறு ஏதோ ஒரு குறையைச் சொல்கிறது என்றுதான் பொருள். அதனால் இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் கோத்தகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். நான்கு சேனல் ஆம்ப் ஒன்றை முன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு சேனல்களில் கதவு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, டிக்கியில் ஒரு சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கொடுத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும்போது நன்றாகப் பாடுகிறது. அரவேணு வருவதற்குள் தொட முடியாதபடி சுட்டு, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துத் தானாகவே மறுபடி பாடுகிறது. மலைமேல் காற்று லேசாக இருப்பதால் ஆம்ப் ஆறாது, விசிறி வைத்தால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். விசிறி வாங்கலாமா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: இப்போது வாங்க வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே ஆம்பின் வெப்பத்தை வெளியே விடும் வரிவரியான அலுமினிய உடலை, அதாவது ஹீட் சிங்க்கை, தழுவிச் செல்லும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பமும் ஓரளவு குறையும். ஆனால் மேட்டுப்பாளையத்துக் காற்றைவிட உங்கள் ஊர்க் காற்று ஏறக்குறைய பத்து டிகிரி குளிர்ந்திருக்கிறது. காற்று மெலிந்ததால் வரும் நஷ்டத்தைவிட, காற்று குளிர்ந்ததால் வரும் லாபமே பெரிது. ஒழுங்காக வேலை செய்யும் ஆம்ப் மலை ஏற ஏற ஆறத்தான் வேண்டும். உங்களுடையது ஏற ஏறச் சுடுகிறது என்றால் அது தாங்க முடியாத வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அல்லது அதன்மேல் வெளியிலிருந்து சூடு வந்து விழுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இரண்டுமே நடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சப்வூஃபரைப் பாருங்கள். அதன் பின்புறம் இரண்டு முனைகளுக்குப் பதில் நான்கு முனைகள் இருந்தால், அது இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருள்) கொண்டது. பெரும்பாலும் ஒவ்வொரு காயிலின் மின்தடையும் 4 ஓம் இருக்கும். பொருத்தியவர் இரண்டையும் இணையாகக் கட்டியிருந்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் செய்த ஆம்பில் இரண்டு சேனல்கள் எதிரெதிர் முனைகளைப் பிடித்து இழுப்பதால், ஒவ்வொரு சேனலும் அந்த மின்தடையில் பாதியை மட்டுமே உணரும். 2 ஓம் ஸ்பீக்கரைப் பிரிட்ஜில் கொடுத்தால் ஒவ்வொரு சேனலின் தலையிலும் 1 ஓம் சுமை விழுகிறது. நான்கு சேனல் ஆம்ப்களில் பெரும்பாலானவை, தனிச் சேனலுக்கு 2 ஓம், பிரிட்ஜுக்கு 4 ஓம் என்ற எல்லைக்குள்தான் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டவை. உங்கள் ஆம்பின் எல்லை அதன் கையேட்டிலோ, முனைகளுக்கு அருகிலேயோ அச்சிடப்பட்டிருக்கும். மின்தடை பாதியானால் மின்னோட்டம் இரட்டிக்கும், அந்த மின்னோட்டம் முழுவதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆம்பை அணைத்து, சப்வூஃபர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, அந்த இரண்டு ஒயர்களுக்கு இடையே ஓம் அளவை எடுங்கள். 4 ஓம் என்று எழுதப்பட்ட காயில் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டுவது இயல்பு, ஏனென்றால் மீட்டர் அளப்பது கம்பியின் டிசி மின்தடையை மட்டும்தான். உங்கள் அளவு 2-க்கும் கீழே இருந்தால் நான் சந்தேகித்த இணைப்பு உறுதியாகிறது. அப்போது இரண்டு காயில்களையும் தொடராகக் கட்டச் சொல்லுங்கள். மொத்தம் 8 ஓம் ஆகும், ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓம் மட்டுமே விழும், ஆம்ப் நிம்மதியாக மூச்சு விடும். ஒலி சற்றுக் குறையும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அரவேணுவில் நின்றுபோகிற 2 ஓமைவிட, ஊர்வரை பாடுகிற 8 ஓம் மேல். ஒலி போதவில்லை என்றால், 2 ஓம் காயில்கள் இரண்டு கொண்ட சப்வூஃபரை வாங்கித் தொடராகக் கட்டி 4 ஓம் ஆக்கிக்கொள்ளலாம். அல்லது 2 ஓமைத் தாங்கும், ஒரே சேனல் கொண்ட தனி மோனோ ஆம்ப் ஒன்றை சப்வூஃபருக்கு மட்டும் வைக்கலாம்.

அதே நேரத்தில் நான்கு கதவு ஒயர்களையும் ஆம்பிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றாகக் காரின் உடல் தகட்டோடு சேர்த்து அளந்துவிடுங்கள். எந்த ஒயருக்கும் தகட்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. கதவுக் கீலில் நசுங்கி, மேலுறை தேய்ந்த ஒயர் ஒன்று, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் தகட்டை உரசிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாடகைக் காரில் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது அந்த இடம். முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். பின்னால் அமர்பவர்களின் காலுக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய் பல கார்களில் முன் சீட்டுக்கு அடியில்தான் வந்து முடிகிறது. சமவெளியில் ஹீட்டரையே யாரும் தொடுவதில்லை என்பதால், அங்கே கற்றுக்கொண்டு பொருத்துபவர்களுக்கு இது நினைவுக்கு வருவதில்லை. நீங்களோ ஏற்றம் பாதி முடிந்து குளிர் தொடங்கியதும், சவாரியில் குழந்தை இருக்கிறது, வயதானவர் இருக்கிறார் என்று ஹீட்டரைத் திறப்பீர்கள். 50 டிகிரிக்கு மேற்பட்ட காற்று நேராக ஆம்பின்மேல் வீசத் தொடங்கும். ஏபி வகை ஆம்ப் (உள்ளே போகும் மின்சாரத்தில் பாதியளவே ஒலியாக்கும் வகை) ஒன்று ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுக்கும்போது, கிட்டத்தட்ட அதே அளவை வெப்பமாகவும் வெளியே தள்ளுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைச் சீட்டுக்கு அடியில் எரியவிட்டு, அவற்றின்மேல் சூடான காற்றையும் ஊதினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடக்கிறது. வெப்பம் 80 டிகிரியை ஒட்டி ஏறும்போது பெரும்பாலான ஆம்ப்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. ஆறியதும் திரும்ப வருகின்றன. உங்கள் ஆம்ப் கால் மணி நேரத்தில் திரும்பப் பாடுவது அதன் பாதுகாப்புச் சுற்று இன்னும் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். இந்த நிலையிலேயே பல மாதம் ஓட்டினால் அந்தப் பாதுகாப்பும் நிலைக்காது. ஆம்பை டிக்கியின் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் காரில் டிக்கியில் மோனோ ஆம்ப் ஒன்று இருக்கிறது. பகலில் எத்தனை மணி நேரம் பாடினாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சீசன் நேரத்தில் இரவில், பர்லியாறு பக்கம் வண்டிகள் நின்று நின்று ஏறும்போது மட்டும் கடுமையாகச் சுடுகிறது. முகப்பு விளக்கும் பாட்டின் தாளத்துக்கு மங்கி மங்கி எரிகிறது. குளிர்ந்த இரவில் ஏன் இப்படி?
(வாசகர், உதகமண்டலம்)

பதில்: விளக்கு மங்குவதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி, பதில் அதில்தான் இருக்கிறது. உங்கள் ஆம்புக்கு வோல்ட் போதவில்லை. என்ஜின் நன்றாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கிறது. நெரிசலில் ஐட்லிங்கில் நிற்கும்போது அதன் உற்பத்தி சரிகிறது. அதே நேரத்தில் பனிமூட்டத்துக்காக முகப்பு விளக்கு, ஃபாக் லேம்ப், வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க புளோயர் என்று எல்லாம் ஓடுகின்றன. மீதம் இருப்பதைத்தான் ஆம்ப் எடுத்துக்கொள்ள வேண்டும். வோல்ட் இறங்கினால் ஆம்ப் குறைவாகத்தானே வேலை செய்யும், ஏன் சுட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ரெகுலேட்டட் பவர் சப்ளை கொண்ட ஆம்ப்கள் வெளியீட்டைக் குறையவிடாமல் காப்பாற்ற முயன்று, வோல்ட் குறைந்த அளவுக்கு அதிக ஆம்பியரை இழுக்கின்றன. வெப்பம் ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அத்தகைய ஏற்பாடு இல்லாத ஆம்ப்களில் ஒலி அலையின் உச்சி சீக்கிரமே வெட்டுப்படும், அதற்கும் பலன் சூடுதான்.

இனி, அந்த வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். வண்டியைச் சமதளத்தில், கைப்பிரேக் போட்டு, திறந்த வெளியில் நிறுத்துங்கள். குளிருக்காக மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரை எடுக்கும். வழக்கமான ஒலியில் பாட்டை வைத்து, நல்ல பேஸ் வரும் இடத்தில் பேட்டரி முனைகளில் ஒரு முறையும், ஆம்பின் முனைகளில் ஒரு முறையும் வோல்ட் அளவை எடுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றம் இடையிலிருக்கும் கேபிளிலோ, ஆம்பின் மைனஸைக் காரின் உடல் தகட்டோடு சேர்க்கும் எர்த்திலோ இருக்கிறது. அடுத்து, நீளமான ஒயர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால் எர்த்தின் பங்கு மட்டும் தனியாகத் தெரியும். அங்கே 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் எர்த்தைக் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும்.

கேபிளைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். சந்தையில் 8 கேஜ் என்று விற்கும் கேபிள் சுத்தமான செம்பாக இருந்தால், 5 மீட்டர் நீளத்தில் 40 ஆம்பியர் ஓடும்போது சுமார் 0.4 வோல்ட் இழக்கும். அதுவே செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் இழப்பு 0.6 வோல்ட்டைத் தாண்டும். அதைவிடப் பருமனான 4 கேஜ் செம்புக் கேபிளில் 0.2-க்கும் குறைவு. மலிவாகக் கிடைக்கும் ஆம்ப் கிட்களில் வருவது பெரும்பாலும் அலுமினியம்தான். ஒரு முனையில் மேலுறையைச் சீவி, இழைகளைக் கத்தியால் சுரண்டினால், உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். செம்பின்மேல் வெள்ளீயம் பூசிய கேபிளில் வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும், அது நல்ல கேபிள்.

மலைவாசிகளான நமக்கு எர்த்தே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். என் சொந்தக் காரிலேயே இரண்டு மழைக்காலம் இந்தத் தொல்லையை அனுபவித்தேன். பொருத்தியவர் டிக்கித் தளத்தில் பெயின்ட்டின் மேலேயே எர்த் லக்கை (கேபிள் நுனியின் வளையத்தை) வைத்து ஸ்க்ரூ முறுக்கியிருந்தார். முதல் சில மாதங்கள் ஸ்க்ரூவின் மரையே மின்னோட்டத்தைத் தாங்கியது. பிறகு மூடுபனியின் ஈரம், நனைந்த குடைகள், ஷூக்களோடு வரும் சேறு எல்லாம் டிக்கிக்குள் தேங்கி, அந்த மரையைத் துரு தின்றது. நான் ஆம்பைக் குற்றம் சொல்லி, அதற்கு விசிறி வைத்து, பிறகு இன்னொரு விசிறியும் வைத்தேன். கடைசியில் எர்த்தில் மீட்டரை வைத்தபோது 0.9 வோல்ட் காட்டியது. விரல்கடை அளவு பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகடு பளிச்சென்று தெரியும்படி செய்து, பல் வைத்த வாஷரோடு போல்ட் போட்டு, முறுக்கிய பின் மேலே வாசலின் தடவினேன். அன்றைக்கே இரண்டு விசிறிகளையும் கழற்றிவிட்டேன். நீங்கள் அந்த வரிசையில் செய்யாமல், மீட்டரை முதலில் எடுங்கள்.

எர்த் கேபிள் ப்ளஸ் கேபிளின் அதே பருமனிலும், அரை மீட்டருக்குள்ளும் இருக்கட்டும். சீட் பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட்டை மட்டும் எர்த்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அது உயிரைப் பிடித்திருக்கும் போல்ட். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ப்ளஸ் கேபிளில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். அது அடிக்கடி போகிறது என்பதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுவது, கேபிளையே ஃபியூஸ் ஆக்குவதற்குச் சமம்.

கேள்வி: கெய்னை முழுதாக வைத்தால்தான் ஆம்பின் முழு பவர் கிடைக்கும் என்று நண்பர் சொல்லி வைத்துவிட்டார். பேஸ் பூஸ்ட்டும் முழுதாக இருக்கிறது. ஒலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அரை மணியில் சூடாகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
(கல்லூரி மாணவர், குன்னூர்)

பதில்: நேரடித் தொடர்பு உண்டு, தம்பி. கெய்ன் என்பது ஒலியைக் கூட்டும் திருகு அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப ஆம்பின் வாயைத் திறந்து வைக்கும் பொருத்தம் அது. தேவைக்கு மேல் திறந்தால், ஸ்டீரியோவில் பாதி ஒலி வைக்கும்போதே ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்பட்டு வரும். முழுதும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சமுடைய சாதாரண அலையைப்போல் இரண்டு மடங்கு ஆற்றலை ஸ்பீக்கருக்குள் தள்ளுகிறது. பேஸில் இந்த வெட்டு காதுக்கு எளிதில் தெரியாது, அதனால்தான் ஒலி நன்றாக இருப்பதாக உங்களுக்குப் படுகிறது. பூஸ்ட் இன்னும் மோசம்: 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 12 டெசிபலுக்குச் சுமார் பதினாறு மடங்கு. நீங்கள் ஒரு திருகைத் திருப்பி ஆம்பிடம் கேட்பது அதைத்தான்.

சரியாக வைக்கும் முறை இது. பேஸ் பூஸ்ட்டையும் ஸ்டீரியோவின் ஈக்வலைசரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, கெய்னை முழுதாகக் குறையுங்கள். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவின் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் வெளியீட்டு முனைகளில் பிடித்துக்கொண்டு, கெய்னை மெதுவாகக் கூட்டுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஆம்பின் உண்மையான வாட் அளவை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி, அதற்கு வர்க்கமூலம் எடுத்துக் கண்டுபிடிக்கலாம்: 100 வாட்டும் 4 ஓமும் என்றால் 400-இன் வர்க்கமூலம் 20, ஆகவே 20 வோல்ட். கதவு ஸ்பீக்கர்களுக்கும் ஆம்ப் இருந்தால், அங்கே தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறிய ஸ்பீக்கரால் முடியாத பேஸை அதன்மேல் சுமத்தாமல் இருப்பதே ஆம்புக்குப் பாதி ஓய்வு.

உண்மையான வாட் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டியில் 2,000 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆம்பின் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது 40 ஆம்பியர் என்றால், 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போகக்கூடியதே சுமார் 550 வாட்தான். ஏபி வகையில் அதில் பாதியோ சற்று மேலோ ஒலியாகும், குறைவாக வீணாக்கும் டி வகையில் ஐந்தில் நான்கு பங்கு. பெட்டியை நம்பிக் கணக்குப் போட்டால் மீட்டரில் அந்த வோல்ட் வரவே வராது.

உங்கள் வயதில் எனக்கும் ஒலி அதிகம் பிடிக்கும். ஆனால் நம் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் வண்டியைக் கண் காண்பதற்கு முன் காது கேட்கிறது. அந்த ஹாரன் உங்கள் காதில் விழும் அளவில் பாட்டு இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் காரில் பாட்டே போடாவிட்டாலும் ஆம்ப் சுடுகிறது. காலையில் காரைத் திறந்தால்கூட அது வெதுவெதுப்பாக இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது பேட்டரி இறங்கிவிடுகிறது.
(வாசகி, வெலிங்டன்)

பதில்: உங்கள் ஆம்ப் இரவெல்லாம் தூங்கவே இல்லை, அம்மா. ஆம்பை எழுப்புவதும் அணைப்பதும் ரிமோட் என்ற மெல்லிய ஒயர். அது ஸ்டீரியோவின் ரிமோட் வெளியீட்டில் இருக்க வேண்டும். அதை எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரில் சேர்த்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் ஆம்ப் விழித்திருக்கும். சும்மா இருக்கும் ஆம்ப் 1 ஆம்பியர் எடுத்தாலும் பத்து மணி நேர இரவில் 10 ஆம்பியர் மணி போய்விடும். சிறிய காரின் பேட்டரி மொத்தம் 35 ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கும், உறைபனி விழும் டிசம்பர் இரவில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. சாவியை எடுத்த பிறகு ரிமோட் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள்.

அங்கே வோல்ட் இல்லை, ஆனால் சாவி போட்ட பிறகு பாட்டு இல்லாமலே சுடுகிறது என்றால், ஸ்பீக்கர் ஒயர்கள், சிக்னல் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் பத்து நிமிடம் இயக்கிப் பாருங்கள். அப்போதும் சுட்டால் கோளாறு உள்ளே இருக்கிறது. அதிலும் ஹீட் சிங்க் முழுவதும் சீராகச் சுடாமல் ஓரிடத்தில் மட்டும் கொதித்தால், அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர் பழுதாகி வருகிறது, அல்லது அதை ஹீட் சிங்க்கோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்து, இடையிலிருக்கும் வெப்பப் பசை காய்ந்துவிட்டது. இது வீட்டில் திறந்து பார்க்கும் வேலை அல்ல. ஆம்புக்குள் இருக்கும் மின்தேக்கிகள் அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கேள்வி: மஞ்சூர் பக்கம் காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். சீட்டுக்குப் பின்னால் ஆம்ப் இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஓம், வோல்ட், கெய்ன் எல்லாம் மெக்கானிக் பார்த்துச் சரி என்றுவிட்டார். இருந்தாலும் சுடுகிறது. விசிறி வைக்கலாமா?
(வாசகர், மஞ்சூர்)

பதில்: எல்லாவற்றையும் அளந்து பார்த்த பிறகு கேட்கிறீர்கள், ஆகவே வைக்கலாம். அதற்கு முன் ஆம்பின்மேல் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கம்பளி, தார்ப்பாய், காலிச் சாக்கு எல்லாம் திணிப்பது நம் ஓட்டுநர்களின் வழக்கம். அந்தக் கம்பளி உங்களுக்கு எதைச் செய்கிறதோ ஆம்புக்கும் அதையே செய்யும். ஆம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும். நிறுத்திப் பொருத்தினால் ஹீட் சிங்க்கின் வரிகள் மேலும் கீழுமாகச் செல்லும்படி வையுங்கள், சூடான காற்று தானே அவற்றினூடே ஏறிப் போகும். தலைகீழாக மட்டும் தொங்கவிட வேண்டாம், மேலே எழும் சூடு சர்க்யூட் பலகைக்குள்ளேயே திரும்பும்.

விசிறி கணினியில் இருக்கும் 12 வோல்ட், 80 மில்லிமீட்டர் வகை போதும். அதன் ப்ளஸ் ஒயரை ஆம்பின் ரிமோட் முனையில் நேரடியாகக் கொடுக்காமல் ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள்; ஸ்டீரியோவின் ரிமோட் வெளியீடு அதிகச் சுமையைத் தாங்காது. காற்று வரிகளின் நீளத்தோடு ஓடும்படி ஒரு முனையிலிருந்து ஊதட்டும், மறு முனையில் அது வெளியேற வழி இருக்கட்டும். காரட் மண்ணும் சாக்குத் தூசியும் இருக்கும் வண்டி என்பதால், மாதம் ஒரு முறை விசிறியின் இறக்கைகளையும் வரிகளையும் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.